முந்துவதற்கும் ஒரு முறை உண்டு!

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சாமி கும்பிட வருபவர்களோடு, சுவரைப் பார்க்க வருபவர்களும் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் ஊர்ச் சபை எடுத்த முடிவுகளை அந்தச் சுவரில்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த குடவோலை முறை இதுதான்.

வாரிய உறுப்பினராக வேண்டுமென்றால் வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக் கூடாது. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது; அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் வரக் கூடாது. ஊரின் 30 குடும்புகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்த ஓலையை வாங்குபவர், ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும்.

விரலை விரித்து வாங்கச் சொல்வானேன்? கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்கலாம் என்ற சந்தேகமாகத்தான் இருக்க வேண்டும். 919-ல் எழுதிய விதிகள் போதாமல், இரண்டே ஆண்டில் திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள். யாரும் சொல்லாமலே எல்லோரும் நியாயமாக நடந்திருந்தால், கல்தச்சருக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

எழுதாத விதி ஒன்று உடையும்போதுதான் எழுதிய விதி ஒன்று பிறக்கிறது. இதை இன்றைக்குக் கண்ணால் பார்க்க வேண்டுமா? அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்னோர் இடம் இருக்கிறது. அங்கே ஓலையும் குடமும் கிடையாது. ஹெல்மெட்டும் பெட்ரோல் வாசனையும்தான்.

பைக் பிறக்கும் மாவட்டம்

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் வழியாக ஒரகடம் வந்தால் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் வல்லம் வடகாலில் இன்னொரு ராயல் என்ஃபீல்டு ஆலையும் யமஹா ஆலையும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை. அங்கேதான் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் இருக்கிறது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள்.

1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமான டிராக் இது. அதற்கு முன்பு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய டிராக் வந்தது. ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் என்று தேசிய சாம்பியன் பட்டம் வென்ற பலர் ஓட்டிப் பழகிய தரை இது.

இந்த விளையாட்டுக்கு எழுதிய விதிகள் ஏராளம். உலக அளவில் எஃப்.ஐ.எம்., இந்தியாவில் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்று இரண்டு அமைப்புகளின் விதிப் புத்தகங்கள் உண்டு. எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம், எந்த டயர் போடலாம், ரேடியேட்டரில் எதை ஊற்றலாம் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலக் கொடி என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார். சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். மஞ்சளில் சிவப்புப் பட்டை என்றால் தரை வழுக்குகிறது.

ஆனால் ஒரு வளைவுக்குள் ஐந்தாறு பேர் ஒருவர் முழங்கையை ஒருவர் உரசிக்கொண்டு நுழையும்போது, புத்தகத்தைப் புரட்ட நேரமில்லை. அப்போது காப்பாற்றுவது இன்னொரு சட்டம். யாரும் அச்சடிக்காத சட்டம் அது. மூத்தவரைப் பார்த்து இளையவர் பிட்டில் கற்றுக்கொள்வது.

முதல் பாடம்: உன் லைனைப் பிடி

வளைவில் எந்த இடத்தில் பிரேக் பிடித்து, எந்தப் புள்ளியைத் தொட்டு, எங்கே வெளியேறினால் வேகம் குறையாது என்று ஒரு பாதை இருக்கும். அதைத்தான் ‘லைன்’ என்கிறார்கள். முன்னே போகிறவருக்கு அந்த லைன் சொந்தம். அவர் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. முந்த நினைப்பவர்தான் பத்திரமாக முந்துவதற்குப் பொறுப்பு.

முன்னே போகிறவருக்கும் கடமை உண்டு. பிரேக் பிடிக்கும் இடத்தில் இடதும் வலதுமாக ஆடக் கூடாது. பக்கத்தில் ஒரு பைக் பாதி தூரம் நுழைந்துவிட்டால், தெரியாததுபோல் கதவைச் சாத்தக் கூடாது. முந்தவிடாமல் தடுப்பது சாமர்த்தியம். இடமே இல்லாமல் நெருக்கித் தள்ளுவது வேறு விஷயம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நேரம் ஓரடிதான். அந்த ஓரடியை எந்தப் புத்தகத்தாலும் அளந்து எழுத முடியாது.

புதிதாக வருபவர்களை ஆச்சரியப்படுத்தும் பாடம் ஒன்று உண்டு. ஒரு சுற்று பின்தங்கிவிட்டீர்கள், பின்னால் முதலிடத்தில் இருப்பவர் வருகிறார், மார்ஷல் நீலக் கொடி காட்டுகிறார். மரியாதையாகச் சட்டென்று ஒதுங்கி வழிவிடத்தானே தோன்றும்? பந்தயத்தில் அந்த மரியாதைதான் ஆபத்து! நீங்கள் எங்கே ஒதுங்கப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. நீங்கள் ஒதுங்கும் அதே பக்கம்தான் முந்தலாம் என்று அவரும் முடிவு செய்திருக்கலாம். அதனால் மெதுவாக ஓட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: போகிற பாதையிலேயே, எதிர்பார்த்தபடியே போவது. வழியை வேகமானவர் பார்த்துக்கொள்வார்.

டிராக்கில் மரியாதை என்றால், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று அடுத்தவரால் கணிக்கும்படி நடப்பது. பணிந்து போவதற்கு அங்கே வேலையில்லை.

கையும் காலும் பேசும் மொழி

ஹெல்மெட்டுக்குள் இருப்பவர் பேசினாலும் கேட்காது. அதனால் கையும் காலும்தான் பேசும்.

பைக் திடீரென்று சக்தி இழந்தால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், ‘நான் மெதுவாகிறேன், மோதிவிடாதே’ என்று. புறப்படும் இடத்தில் என்ஜின் நின்றுவிட்டாலும் அதேதான். பின்வரிசையில் இருப்பவர்கள் பாய்ந்து வருவார்கள். தூக்கிய கை மட்டும்தான் அவர்களுக்கு எச்சரிக்கை. பிட்டுக்குள் போகப் போகிறவர் கையைத் தூக்கியோ காலை நீட்டியோ சொல்லிவிடுவார். உரசிவிட்டால் ஒரு கையசைப்பு, ‘தெரியாமல் நடந்தது’ என்று.

பிட்டிலிருந்து கிளம்பும்போது டயர் சூடாகியிருக்காது, பிடிப்பு இருக்காது. அப்போது லைனை விட்டு ஓரமாகவே போய், வேகம் பிடித்த பிறகுதான் உள்ளே வர வேண்டும். வீட்டுத் தெருவிலிருந்து மெயின் ரோட்டில் ஏறுகிற மாதிரி.

என்ஜினிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது என்று சந்தேகம் வந்தால், அந்த நொடியே லைனை விட்டு விலகி ஓரம் கட்ட வேண்டும். ‘இன்னும் பாதி சுற்றுதானே, பிட்டுக்கே போய்விடலாம்’ என்று ஓட்டினால், அவர் விட்டுச் செல்லும் எண்ணெய்க் கோட்டில் பின்னால் வருபவர்கள் வரிசையாக விழுவார்கள். தன் பந்தயம் போனாலும் பரவாயில்லை, அடுத்தவர் எலும்பு முக்கியம். பேடக்கில் ஒருவருக்குப் பெயர் கெட வேண்டுமென்றால் ஒழுகும் பைக்கோடு ஒரு சுற்று வந்தால் போதும். ரேடியேட்டரில் வழக்கமான கூலன்ட் ஊற்றாமல் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லும் எழுதிய விதிக்கும் இதே காரணம்தான். கூலன்டில் இருக்கும் கிளைக்கால் தரையில் சிந்தினால் வழுக்கும். தண்ணீர் காய்ந்துவிடும்.

பந்தயம் முடிந்த பிறகு எல்லோரும் மெதுவாக ஒரு சுற்று வருவார்கள். ஜெயித்தவரை அடுத்தவர் பக்கத்தில் வந்து தட்டிக் கொடுப்பார். வளைவுக்கு வளைவு நிற்கும் மார்ஷல்களைப் பார்த்து எல்லோரும் கையசைப்பார்கள். வெயிலில் நாள் முழுக்க நின்று, விழுந்தவரைத் தூக்க முதலில் ஓடி வருபவர்கள் அவர்கள்தான்.

கூடாரத்துக்குள் ஒரு தர்மம்

டிராக்குக்கு வெளியே, பிட்டிலும் பேடக்கிலும் நடக்கும் சங்கதிகள் இன்னும் சுவாரஸ்யம். விழுந்து எழுந்தவனுக்கு கிளட்ச் லீவர் உடைந்திருக்கும். அடுத்த பந்தயத்துக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். பக்கத்துக் கூடாரத்துக்காரர், அதே பிரிவில் அவனோடு மோதப் போகிறவர், தன்னிடம் இருக்கும் ஸ்பேர் லீவரை எடுத்துக் கொடுப்பார். “முதல்ல மாட்டுடா தம்பி, காசெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

இதில் தியாகம் ஒன்றும் பெரிதாக இல்லை. அடுத்த மாதம் தன் லீவர் உடையும், அப்போது கைநீட்ட வேண்டியது அதே தம்பியிடம்தான். கிராமத்தில் நாற்று நட ஆள் மாற்றிக்கொள்வதைப் போல. திரும்பத் திரும்ப அதே முகங்களைப் பார்க்கும் இடத்தில்தான் எழுதாத விதி உயிரோடு இருக்கும்.

கேட்காமல் அடுத்தவர் பைக்கைத் தொடக் கூடாது, அதன்மேல் உட்காரக் கூடாது. வளைவில் குறுக்கே வந்துவிட்டால், கூடாரத்துக்கே போய் நேரில் பேசிவிட வேண்டும். “அண்ணா, மூணாவது சுத்துல உங்க லைன்ல வந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க.” “பார்த்தேன்டா. அடுத்த தடவை பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே பிடி.” அதோடு சரி. அதிகாரிகளிடம் புகார் கொடுக்க வழி இருக்கிறது. அதற்குக் கால வரம்பும் கட்டணமும் உண்டு. ஆனால் நேரில் கேட்காமல் நேராகப் புகாருக்குப் போகிறவரை யாருக்கும் பிடிக்காது. பேசித் தீராத விஷயத்துக்குத்தான் புகார்.

உடைந்தபோது என்ன ஆனது?

எழுதாத விதியின் மதிப்பு அது உடையும்போதுதான் தெரியும். உலகப் பந்தயங்களில் அப்படி உடைந்த கதைகள் சில.

1998 அக்டோபர், அர்ஜென்டினா. 250 சிசி பிரிவின் கடைசிப் பந்தயம், கடைசிச் சுற்று, கடைசி வளைவு. பட்டத்துக்குப் போட்டி போட்ட இருவருமே ஏப்ரிலியா அணிக்காரர்கள்: ஜப்பானின் டெட்சுயா ஹராடா, இத்தாலியின் லோரிஸ் கப்பிரோசி. முன்னே போன ஹராடாமீது கப்பிரோசி மோத, ஹராடா டிராக்குக்கு வெளியே போனார். பட்டம் கப்பிரோசிக்கு. முதலில் தகுதிநீக்கம் செய்தார்கள். பிறகு அது ரத்தாகி, பட்டம் அவரிடமே நின்றது. எழுதிய விதி அவரை விட்டுவிட்டது. ஆனால் ஏப்ரிலியா அவரை அணியில் வைத்துக்கொள்ளவில்லை.

2006 அக்டோபர், போர்ச்சுகல். ரெப்சால் ஹோண்டா அணியின் நிக்கி ஹேடன் புள்ளிப் பட்டியலில் முன்னணியில் இருந்தார். அதே அணியின் இளம் வீரர் டேனி பெட்ரோசா உள்ளே நுழைந்து முந்தப் பார்த்து விழுந்தார், ஹேடனையும் சேர்த்து வீழ்த்தினார். ‘யாரை வேண்டுமானாலும் இடி, சொந்த அணிக்காரனை இடிக்காதே’ என்பதுதான் எழுதாத விதிகளில் முதல் விதி. ஹேடன் 8 புள்ளிகள் பின்தங்கினார். ஆனால் இரண்டு வாரம் கழித்து வலென்சியாவில் நடந்த கடைசிப் பந்தயத்தில் பெட்ரோசா, ஹேடனுக்கு வழிவிட்டுப் பின்னாலேயே வந்தார். புள்ளிப் பட்டியலில் முன்னணியில் இருந்த வாலன்டினோ ரோசி கீழே விழ, ஹேடன் 5 புள்ளி வித்தியாசத்தில் உலக சாம்பியன் ஆனார். உடைத்தவரே ஒட்டவைத்த கதை இது.

2015 அக்டோபர் 25, மலேசியாவின் செபாங். பட்டத்துக்கான போட்டி ரோசிக்கும் ஜார்ஜ் லோரென்சோவுக்கும்தான். பட்ட வாய்ப்பை ஏற்கெனவே இழந்திருந்த மார்க் மார்க்கேஸ், ரோசியோடு கடுமையாக மல்லுக்கட்டினார். ‘உனக்குப் பட்டம் இல்லை என்றால், அடுத்தவர் பட்டச் சண்டையில் நடுவே நிற்காதே’ என்ற எழுதாத விதியை அவர் மீறினார் என்பது ரோசியின் கோபம். அந்தக் கோபத்தில் ரோசி மார்க்கேஸை வெளிப்பக்கம் ஒதுக்கிக்கொண்டே போனார்; இருவரும் உரச, மார்க்கேஸ் விழுந்தார். ரோசிக்கு 3 தண்டனைப் புள்ளிகள். ஏற்கெனவே இருந்த ஒன்றையும் சேர்த்து நான்காக, வலென்சியாவில் கடைசி ஆளாகப் புறப்பட வேண்டிவந்தது. கடைசியிலிருந்து நான்காம் இடம்வரை வந்தும், 5 புள்ளியில் பட்டம் போனது. எழுதாத விதிக்கு நியாயம் கேட்கப் போய், எழுதிய விதியில் மாட்டிக்கொண்டார். மூன்று வருடம் கழித்து, 2018-ல் மிசானோவில், பத்திரிகையாளர்கள் முன்னால் மார்க்கேஸ் நீட்டிய கையை ரோசி பற்றவில்லை.

அதே 2018 செப்டம்பர், அதே மிசானோ. மோட்டோ2 பந்தயத்தில் ரொமானோ ஃபெனாட்டியும் ஸ்டெஃபானோ மான்சியும் ஏற்கெனவே ஒருமுறை மோதிக்கொண்டிருந்தார்கள். நேர்பாதையில் 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம். பக்கத்தில் வந்த ஃபெனாட்டி கையை நீட்டி, மான்சியின் முன் பிரேக் லீவரைப் பிடித்து அழுத்தினார்! மான்சி விழாமல் தப்பியது அதிர்ஷ்டம். ஃபெனாட்டிக்குக் கறுப்புக் கொடி, இரண்டு பந்தயத் தடை. அணி ஒப்பந்தத்தை ரத்து செய்தது; அடுத்த ஆண்டுக்குப் போட்டிருந்த ஒப்பந்தமும் போனது. மான்சிக்கும் முந்தைய மோதலுக்காக அடுத்த பந்தயத்தில் ஆறு இடம் பின்தள்ளும் தண்டனை கிடைத்தது.

‘அடுத்தவர் பிரேக்கைப் பிடிக்காதே’ என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லவே தேவையில்லாத அளவுக்கு ஆழமான விதி அது. அதனால்தான் உலகமே அதிர்ந்தது.

புத்தகம் ஏன் தடிமனாகிறது?

மோட்டோ3 பிரிவில் பைக்குகளின் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவருக்குக் காற்றின் எதிர்ப்பு குறையும். சில பத்தில் ஒரு பங்கு நொடி மிச்சமாகும். அதனால் தகுதிச் சுற்றில், வேகமான யாராவது வரட்டும் என்று லைனிலேயே மெதுவாக ஊர்ந்து காத்திருப்பார்கள். பின்னால் முழு வேகத்தில் வருகிறவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

‘லைனில் நின்று காத்திருக்காதே’ என்பது பழைய எழுதாத விதி. எல்லோரும் மீறத் தொடங்கியபோது, நேரம் அளந்து தண்டனை கொடுக்கும் எழுதிய விதியாக மாறியது. ஒரே தகுதிச் சுற்றில் பலர் ஒன்றாகத் தண்டிக்கப்பட்ட நாட்களும் உண்டு. 2019-ல் ‘லாங் லேப்’ என்ற புதிய தண்டனையும் வந்தது. தவறு செய்தவர் பந்தயத்தின் நடுவே நீளமான சுற்றுவழியில் போய்வர வேண்டும்.

உத்திரமேரூர்ச் சபை 919-ல் எழுதி 921-ல் திருத்தியதும் இதேபோலத்தான் இருந்திருக்கும். கணக்குக் காட்டாமல் போன யாரோ ஒருவரின் நிழல் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. விதிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு ‘யாரோ ஒருவர்’ உண்டு.

ஆனால் புத்தகத்தால் முடிவது ஒன்றுதான்: நடந்த பிறகு தண்டிப்பது. விழுந்த பிறகு கொடுக்கும் மூன்று புள்ளி, உடைந்த தோள்பட்டையை ஒட்டவைக்காது. விழாமல் தடுப்பது, வளைவுக்குள் நுழையும் அந்த நொடியில் ‘இவரும் வீட்டுக்குப் போகணும்’ என்று தோன்றுவது மட்டுமே.

2023 சொல்லிக் கொடுத்தது

எல்லா விதியையும் மதித்தாலும் இந்த விளையாட்டில் ஆபத்து மிச்சம் இருக்கும். அதை இருங்காட்டுக்கோட்டையே ஒரே ஆண்டில் இரண்டு முறை பார்த்தது. 2023 ஜனவரியில் கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.இ.குமார் விபத்தில் இறந்தார். ஆகஸ்ட் 5 அன்று, தேசிய பைக் சாம்பியன்ஷிப்பின் இளையோர் பந்தயத்தில், பெங்களூருவின் 13 வயது ஸ்ரேயாஸ் ஹரீஷ் விழுந்து உயிரிழந்தார். அந்த வார இறுதியின் மற்ற பந்தயங்கள் அனைத்தும் ரத்து செய்யப்பட்டன.

ஒருவர் இறந்த இடத்தில் கோப்பை தூக்க வேண்டாம் என்று பந்தயத்தையே கைவிடுவதும் உண்டு. 2011-ல் செபாங்கில் மார்கோ சிமோன்செல்லி இறந்தபோதும் பந்தயத்தை அப்படியே கைவிட்டார்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகளை இவ்வளவு வேகத்தில் ஓட்டவிடலாமா என்ற கேள்வி உலகம் முழுக்க எழுந்தது. 2021-ல் ஐரோப்பாவில் 14, 15, 19 வயது வீரர்கள் மூவர் சில மாத இடைவெளியில் இறந்தார்கள். அதன் பிறகு, 2023 முதல் உலக சாம்பியன்ஷிப் பந்தயங்களுக்குக் குறைந்தபட்ச வயது பொதுவாக 18 என்று உயர்த்தப்பட்டது. சின்னவர்களை மூத்தவர்கள் பார்த்து ஓட்டுவார்கள் என்ற நம்பிக்கை மட்டும் போதவில்லை. அதுவும் புத்தகத்தில் ஏறியது.

சாலையில் யார் கையெழுத்துப் போட்டார்கள்?

இதே 2023-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்னொரு சம்பவமும் நடந்தது. செப்டம்பரில், தாமல் அருகே பெங்களூரு நெடுஞ்சாலையில், லட்சக்கணக்கான இளைஞர்கள் பின்தொடரும் யூடியூபர் ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று தூக்கியெறியப்பட்டார். அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது.

அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் உத்திரமேரூர்ப் பக்கமும் இருப்பார்கள். சம்பளம் வந்ததும் தவணையில் பைக் எடுத்து, ஷிஃப்ட் முடிந்த இரவில் காலியான சாலையில் நண்பனோடு ‘ஒரு கை பார்க்க’ நினைக்கும் வயசு அது. ‘டிராக்ல ஓட்டறாங்கல்ல, நாங்க ரோட்ல ஓட்டக் கூடாதா?’ என்று வீட்டில் கேட்டால், அம்மா அப்பாவுக்குச் சட்டென்று பதில் வராது.

பதில் இதுதான். டிராக்கில் எதிரே யாரும் வருவதில்லை. எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். விழுந்தால் உருண்டு போக இடம் இருக்கிறது. மஞ்சள் கொடி காட்ட ஒருவர் நிற்கிறார், ஆம்புலன்ஸ் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கிறது. உடம்பு முழுக்கத் தோல் உடை, கையுறை, பூட்ஸ் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. டிராக்கில் இருக்கும் ஒவ்வொருவரும் ஆபத்தைத் தெரிந்து, கையெழுத்துப் போட்டு, உரிமம் வாங்கி வந்தவர்கள். எல்லோருக்கும் அந்த எழுதாத விதிகள் தெரியும். பக்கத்தில் வருபவர் தன் லைனைப் பிடிப்பார் என்று நம்பித்தான் அவ்வளவு நெருக்கத்தில் ஓட்டுகிறார்கள்.

சாலையில் அப்படி யார் கையெழுத்துப் போட்டார்கள்? பால் கேனோடு மொபெட்டில் வருகிற பெரியவரா? நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்காரரா? ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி சாலையைக் கடக்கும் அக்காவா? அவர்களுக்கு லைன் தெரியாது, நீலக் கொடி தெரியாது, பின்னால் ஒரு பந்தயம் வருகிறது என்பதே தெரியாது. அவர்கள் சட்டென்று ஒதுங்குவார்கள், அதுவும் நீங்கள் போகும் பக்கமே ஒதுங்குவார்கள். அது அவர்கள் தப்பில்லை.

வேகத்தின்மீது உண்மையிலேயே ஆசை இருக்கும் பிள்ளைக்கு வழி அடைபட்டுவிடவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. எஃப்.எம்.எஸ்.சி.ஐ. உரிமம் வாங்கி, புதியவர்களுக்கான பிரிவில் தொடங்கலாம். டிவிஎஸ், ஹோண்டா, ராயல் என்ஃபீல்டு போன்ற நிறுவனங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி பைக் கொடுத்து நடத்தும் பந்தயங்களும் உண்டு. பயிற்சியில் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவது கொடிகளைப் படிப்பது, லைனைப் பிடிப்பது, கையைத் தூக்குவது. வேகம் அதற்கெல்லாம் அப்புறம்தான்.

வீட்டில் பைக் சாவியைக் கேட்டு நிற்கும் பையனிடமோ பெண்ணிடமோ ‘வேகமாப் போகாதே’ என்று மட்டும் சொன்னால் காதில் ஏறாது. ‘பக்கத்துல வர்றவங்க உன்னை நம்பி வர்றாங்க, அவங்க பயப்படற மாதிரி ஓட்டாதே’ என்று சொல்லிப் பாருங்கள். பந்தய வீரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் அதைத்தான்.